ஓய்வெடுக்கும் இன்ஜினுக்கு என்ன ஆயில்?

"என்ன சார் இது, தண்ணி மாதிரி ஓடுது!"

கேனிலிருந்து புனலுக்குள் இறங்கிய எண்ணெயைப் பார்த்து மெக்கானிக் தம்பி கேட்டார். திருச்சி பொன்மலைப்பட்டியில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். மே மாதம், காலை பத்து மணிதான் ஆகியிருந்தது; அதற்குள் பானெட்டில் கை வைக்க முடியவில்லை. வண்டி என் தாய்மாமாவுடையது. ஹைப்ரிட் கார். கேனில் 0டபிள்யூ-16 என்று அச்சடித்திருந்தது.

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எப்படி சார் தாங்கும்? ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டினா ஆவியாப் போயிடும். பேசாம ட்வென்டி ஃபார்ட்டி ஊத்திடலாம், கெட்டியா நிக்கும்."

மாமா நிதானமாகச் சொன்னார்: "தம்பி, புக்ல என்ன போட்டிருக்கோ அதையே ஊத்து. வெயிலை நான் பாத்துக்கிறேன்."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லோடு ஆட்டோ, டிராக்டர், பழைய அம்பாசடர் என்று அவர் கை பழகிய வண்டிகளுக்கெல்லாம் 20டபிள்யூ-40 சரியான ஆயில்தான். ஆனால் அவர் வாசலுக்கு வரும் வண்டி மாறிவிட்டது. 2022-இல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விடாரா மூன்றும் அடுத்தடுத்து வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னோவா ஹைகிராஸும் அறிமுகமானது. அதற்கு முன் ஹைப்ரிட் என்றால் கேம்ரி மாதிரி பெரிய இடத்து வண்டி. கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தாண்டி வெளியே வராது. இப்போது நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய வண்டிகளுக்கு வாரன்டி ஒவ்வொன்றாக முடிகிறது. அவை தெருமுனை ஒர்க் ஷாப்பில் வந்து நிற்கின்றன. 'இதுக்கு என்ன ஆயில் ஊத்தலாம்?' என்ற கேள்வி திருச்சியில் கிளம்பியிருப்பது அதனால்தான்.

மாமாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு காரணம் உண்டு. பொன்மலை டீசல் ஷெட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர், அதில் பெரும்பகுதி எண்ணெய் பரிசோதிக்கும் லேபில். எண்ணெயை மோந்து பார்த்தே பாதி சொல்லிவிடுவார்.

104 டிகிரியில் எண்ணெய்க்குக் குளிர்

"மாப்ளே, பேப்பர்ல திருச்சி 104 டிகிரின்னு போடுறானே, அது எவ்வளவு?" என்று ஆரம்பித்தார் மாமா.

ஃபாரன்ஹீட்டில் 104 என்றால் செல்சியஸில் 40.

"சரி. இன்ஜின் நல்லா சூடாகி ஓடும்போது ஆயில் எத்தனை டிகிரியில இருக்கும்?"

சுமார் 90 முதல் 100 வரை. அதற்காகவே இன்ஜினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு இருக்கிறது. கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் சூடேறும் வரை அது ரேடியேட்டருக்கு வழிவிடாது. வெளியே கத்தரி வெயிலோ கார்த்திகை மழையோ, இன்ஜின் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும்.

"அப்ப நூறு டிகிரியில வேலை பாக்குறவனுக்கு நாப்பது டிகிரி வெயிலா, குளிரா?"

இந்த ஒரு கேள்வியில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நமக்குத்தான் அக்னி நட்சத்திரம். நிழலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் எண்ணெய்க்கு மே மாதத்து மதியமும் மார்கழி விடியற்காலைதான்.

கேனில் இருக்கும் எண்களுக்கு வருவோம். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னால் நிற்கும் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்கிறது; எண் சிறியதாக இருந்தால் ஓட்டம் எளிது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து குச்சி விட்டுக் குத்த வேண்டியிருக்கிறதல்லவா, அப்படி ஆகாமல் எவ்வளவு தாங்கும் என்ற அளவு. 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரியில் சோதிப்பார்கள். திருச்சிக்கு அந்தக் குளிர் வரப்போவதில்லை. ஆனால் மைனஸ் 35-இலேயே ஓடுகிற எண்ணெய், நம் ஊர் 30 டிகிரிக் காலையில் பேரிங்குக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பின்னால் நிற்கும் 16, 20, 40 என்ற எண், சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்வது. இரண்டு எண்ணெயையும் 40 டிகிரியில் வைத்து அளந்தால், 20டபிள்யூ-40-இன் கெட்டித்தன்மை 0டபிள்யூ-16-ஐப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நூறு டிகிரியில் அந்த வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். ஆக, கெட்டி எண்ணெய் மிகவும் சிரமம் கொடுப்பது இன்ஜின் சூடேறாமல் ஓடும் நேரத்தில்தான். ஊருக்குள் ஓடும் ஹைப்ரிட் காருக்கு அந்த நேரம் அதிகம்.

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை

மாமாவோடு ஒரு நாள் காலை ஸ்ரீரங்கம் போனேன். பெருமாளைச் சேவிக்க அவர் வாராவாரம் போகிற வழி. ஆர்மரி கேட் தாண்டி, டிவிஎஸ் டோல்கேட், தலைமைத் தபால் நிலையம், மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அம்மாமண்டபம் ரோடு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும்.

ரயில்வே காலனிக்குள் வண்டி பேட்டரியிலேயே நழுவிச் சென்றது. பெரிய சாலையில் ஏறி மாமா ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் விழித்துக்கொண்டது. அடுத்த சிக்னலில் அணைந்தது. பச்சை விழுந்ததும் சத்தமில்லாமல் நகர்ந்து, கொஞ்சம் வேகம் எடுத்ததும் மறுபடி விழித்தது. மெயின்கார்டு கேட் நெரிசலில் பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தபோது முழுக்க மோட்டார்தான். பாலத்தில் ஏறும்போது இன்ஜின், இறங்கும்போது ஓய்வு. இன்ஜின் எத்தனை முறை விழிக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இதே வழியைச் சாதாரண பெட்ரோல் காரில் கடந்திருந்தால் இன்ஜின் ஒரே முறை ஸ்டார்ட் ஆகி, முக்கால் மணி நேரமும் ஓடி, இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்ற தொட்டியில் உள்ள எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கும். ஹைப்ரிட்டில் அப்படி நடக்காது. ஹைரைடர் நகர ஓட்டத்தில் நேரக் கணக்கில் 60 விழுக்காடு வரை மின்சாரத்திலேயே ஓடும் என்று டொயோட்டா சொல்கிறது. பெட்ரோல் மிச்சம்தான், சந்தேகமில்லை. ஆனால் இன்ஜின் தூங்கும் அந்த நேரமெல்லாம் எண்ணெய் ஆறிக்கொண்டே இருக்கிறது. ஆயில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் நின்றால் அழுத்தமும் நின்றுவிடும். மறுபடி விழிக்கும்போது அந்த வினாடியே கிராங்க் பேரிங்குக்கு எண்ணெய் போயாக வேண்டும். மெல்லிய எண்ணெய் இங்கே கைகொடுக்கும். கம்பெனி அதைக் கேட்பதற்கு முக்கியக் காரணம் பெட்ரோல் சிக்கனம்; இது அதோடு சேர்ந்து வரும் லாபம்.

டொயோட்டா முறையில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஜெனரேட்டரே இன்ஜினை ஏறக்குறைய 1,000 சுற்று வேகத்துக்குச் சுழற்றிவிட்டு, அதன் பிறகுதான் பெட்ரோலைத் தெளிக்கும். பழைய கார் மாதிரி 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுத்துத் திணறுவது இல்லை. அதனால் ஒவ்வொரு விழிப்பும் இன்ஜினைத் தேய்க்கிறது என்று பயப்பட வேண்டாம். இன்ஜினை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்தே பேரிங்கையும் பம்ப்பையும் அமைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டது மெல்லிய எண்ணெயை வைத்து என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

மூடிக்குள் வெண்ணெய்

கார் வாங்கி ஆறு மாதம் இருக்கும். ஒரு நாள் மாமா எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துப் பார்த்தார். உள்பக்கத்தில் வெளிர் மஞ்சள் நிறத்தில், மத்திலிருந்து வழித்த வெண்ணெய் போல, வழவழவென்று ஒரு படலம். நானாக இருந்தால் பதறியிருப்பேன். மாமா முதலில் கூலன்ட் டப்பாவைப் பார்த்தார். அளவு குறையவில்லை. ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் எண்ணெயில் கலந்திருந்தால் அது குறைந்திருக்கும். அப்படியென்றால் இந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, இன்ஜினே உண்டாக்கியது.

இன்ஜின் தண்ணீர் உண்டாக்குமா என்று கேட்டேன். பலருக்கும் இது தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியே போய்விடும். காலையில் சைலன்ஸர் முனையில் சொட்டுவது அதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக எண்ணெய் இருக்கும் பக்கம் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறவில்லை என்றால் எண்ணெயோடு கலந்து மோராகக் கடைந்து நிற்கும்.

தண்ணீர் மட்டுமல்ல, பெட்ரோலும் இறங்கும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் தெளிக்கும். அதில் எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குப் போகிறது. எண்ணெய் அதனால் இன்னும் இளகும். 2025-இல் நாடு முழுக்க பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்துவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு சங்கதி உண்டு: எத்தனாலுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு அதிகம். எத்தனால் எரிபொருளும் தண்ணீரும் கலந்தாலும் எண்ணெய் அவற்றைப் பிரிய விடாமல் தனக்குள் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று ஐஎல்சாக் எனப்படும் இன்ஜின் ஆயில் தரத்தில் தனியாக ஒரு சோதனையே வைத்திருக்கிறார்கள். பிரிந்துபோன தண்ணீர் இரும்பில் படிந்தால் துருதான்.

"சட்டி காயாம எண்ணெயைக் குறை சொல்லக் கூடாது" என்றார் மாமா. ஹைப்ரிட் காரில் எண்ணெய் சீக்கிரம் கெட வெயில் காரணமில்லை, சூடேறாமையே காரணம் என்று அவர் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். கெட்டி எண்ணெய் ஊற்றினால் இந்த நோய் தீராது. இன்ஜின் சூடேறாத வரை கெட்டி எண்ணெயும் மோராகத்தான் ஆகும்.

ஷெட்டில் எண்ணெயைப் படிப்பார்கள்

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த ஊரின் காலை, பணிமனைச் சங்கோடுதான் விடிகிறது. ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் இன்றைக்கும் பெரிய பழுதுக்கு இங்கேதான் வருகின்றன. புதிதாகவும் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நீராவி சிலிண்டருக்குத் தார் மாதிரி கெட்டியான எண்ணெய் வேண்டும். எந்த இன்ஜினுக்கு எந்த எண்ணெய் என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை.

ரயிலை இழுக்கும் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பழக்கத்தில் டீசல் இன்ஜின் என்று சொன்னாலும் அதன் முழுப்பெயர் டீசல்-எலெக்ட்ரிக். 16 சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் சக்கரங்களை இணைக்கும் அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டுகிறது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்சும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் நகரத்துக்குள் ஓடுவதும் பெரும்பாலும் இதே முறையில்தான்: இன்ஜின் மின்சாரம் தயாரிக்கிறது, மோட்டார் வண்டியை இழுக்கிறது. பேட்டரி ஒன்றுதான் கூடுதல். கார் கம்பெனிகள் புதுமை என்று விளம்பரப்படுத்தும் விஷயத்தோடு பொன்மலைத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

டபிள்யூடிஎம்-2 வகை இன்ஜினின் திறன் 2,600 குதிரைசக்தி. அதன் சம்ப் ஏறத்தாழ 900 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். அவ்வளவையும் தேதி பார்த்துக் கொட்டிவிட்டு மாற்றினால் ரயில்வேக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஷெட்டுக்கு வண்டி வந்ததும் ஒரு சின்ன பாட்டிலில் சம்ப் எண்ணெயை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். கெட்டி எவ்வளவு, தண்ணீர் இருக்கிறதா, டீசல் கலந்திருக்கிறதா, கரி எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு அதை ஸ்பெக்ட்ரோ கருவியில் எரித்து, அதன் ஒளியைப் பிரித்து, எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பார்கள்.

மாமா விரல்மடக்கிச் சொல்வதைக் கேட்க வேண்டும். "இரும்பு ஏறுதா, லைனரும் ரிங்கும் தேயுது. செம்பும் ஈயமும் ஏறுதா, பேரிங்கைப் பாரு. சிலிக்கான் ஏறினா ஏர் ஃபில்டர் தூசியை உள்ள விடுது. போரான் தெரிஞ்சா கூலன்ட் கசியுது. இன்ஜின் கழட்டாமலே உள்ள இருக்கிறதெல்லாம் சொல்லிடும் மாப்ளே, ஒரு சின்ன பாட்டில்."

ஷெட்டில் அவர்கள் அஞ்சிய இன்னொன்று, சும்மா நின்று ஓடும் இன்ஜின். யார்டில் மணிக்கணக்காக ஐடிலில் விட்டால் டீசல் சரியாக எரியாது. கரி சேரும், எண்ணெயில் டீசல் இறங்கும். பின்னாளில் நிறுத்தத்தில் பெரிய இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் பிரேக்குக்குக் காற்று நிரப்பவும் சின்ன துணை இன்ஜின் ஒன்றை ரயில்வே பொருத்தத் தொடங்கியது. பாரமேற்றி இழுத்த இன்ஜினை விடச் சும்மா நின்ற இன்ஜினின் எண்ணெய்தான் லேபில் மோசமாகத் தெரியும் என்பது மாமாவின் அனுபவம். ஹைப்ரிட் கார் விஷயத்தில் அவர் பதறாததற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

வீட்டுத் திண்ணையில் அவர் செய்யும் சோதனையை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் நிற்கும் சொட்டை ஒரு வடிதாளின் நடுவே விழ வைத்தார். தாளை இரண்டு தீப்பெட்டிகளின் மேல் வைத்து, அடியில் எதுவும் படாமல் ராத்திரி முழுக்க விட்டார். காலையில் பார்த்தால் சொட்டு நிலா மாதிரி விரிந்திருந்தது. நடுவே பழுப்பு, அதைச் சுற்றி மங்கலான வளையம், விளிம்பில் தேன் நிறம். கரி தாள் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் எண்ணெய்க்குள் இருக்கும் மருந்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. நடுவிலேயே கறுப்புப் பொட்டாகக் கட்டி நின்றால் அது தீர்ந்துவிட்டது. ஓரத்தில் வெளிறிய வளையம் அகலமாக இருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது. தண்ணீருக்கு வேறு சோதனை: கொல்லையில் ஒரு பழைய தோசைக்கல்லைக் காயவைத்து ஒரே ஒரு சொட்டு. சடசடவென்று பொரிந்தால் தண்ணீர். அன்று லேசாகப் பொரிந்தது.

கேனில் பார்க்க வேண்டியது

கார் எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்புவதை விட மாற்றுவதே மலிவு. நான்கு லிட்டர் அளவிலேயே முடிந்துவிடும். ஆனால் எந்த எண்ணெய் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஹைரைடர், கிராண்ட் விடாரா இரண்டின் ஹைப்ரிட் இன்ஜினுக்கும் 0டபிள்யூ-16. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டுக்கு 0டபிள்யூ-20. வேறு வண்டி என்றால் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள், கடைக்காரரின் ஞாபகத்தை நம்பாதீர்கள். 16 என்ற தரமே 2013-இல்தான் பட்டியலில் சேர்ந்தது, அதுவரை 20-க்குக் கீழே எதுவும் கிடையாது. பல ஒர்க் ஷாப்புகளில் இந்த எண்ணைக் கேட்டதும் புருவம் உயர்வது இதனால்தான். ஜப்பானில் 0டபிள்யூ-8 வரை இறங்கிவிட்டார்கள்.

எண்ணுக்கு அடுத்தபடி ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) முத்திரை. வட்டத்துக்குள் எஸ்பி என்றோ, 2025-இல் வந்த எஸ்க்யூ என்றோ இருக்க வேண்டும். எஸ்பி தரம் 2020 மே மாதம் வந்தது. அதற்கு முந்தைய எஸ்எல், எஸ்எம் கேன்கள் இன்றும் அலமாரியில் நிற்கின்றன, விலையும் குறைவு. ஹைப்ரிட்டுக்கு அவை வேண்டாம். 0டபிள்யூ-16-க்கென்று ஐஎல்சாக் ஜிஎஃப்-6பி என்ற தனித் தரமும், கேடய வடிவில் தனி முத்திரையும் உண்டு. கேனின் முகப்பில் 'ஹைப்ரிட்' என்று பெரிதாக அச்சடித்து விற்பதைப் பார்க்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க நான் தயாரில்லை. கையேடு கேட்கும் எண்ணும் தரமும் இருந்தால் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அது ஹைப்ரிட் ஆயில்தான்.

'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்ற பெயரில் ஓடும் எர்டிகா, சியாஸ் வண்டிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றில் மோட்டார் ஒரு கைத்தாங்கல் மட்டுமே. வண்டியை இழுப்பது எப்போதும் இன்ஜின்தான்.

மெக்கானிக் தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்கும் டொயோட்டா வண்டிகளின் கையேட்டில், அதிவேகத்திலோ கடும் பாரத்திலோ ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் கெட்டியான எண்ணெய் பொருந்தலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 0டபிள்யூ-16 கிடைக்காத இடத்தில் 0டபிள்யூ-20 ஊற்றிக்கொண்டு, அடுத்த முறை 16-க்குத் திரும்பிவிடச் சொல்கிறார்கள். ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 வளைவுகளை வாரம் தவறாமல் ஏறுகிறவர் சர்வீஸ் சென்டரில் இதைப் பேசித் தெளிவுபெறலாம். 16-லிருந்து 20-க்குப் போவது ஒரு படி. 20டபிள்யூ-40 அப்படியில்லை. 150 டிகிரிச் சூட்டில் கடும் வேகத்தில் உரசும்போது எண்ணெய்ப் படலம் எவ்வளவு கெட்டியாக நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. 16-க்குக் குறைந்தபட்சம் 2.3, 20டபிள்யூ-40-க்கு 3.7. 2.3-க்காக இழைத்த இடைவெளிக்குள் 3.7-ஐ ஊற்றினால் இன்ஜின் மறுநாளே மடங்கிவிடாது. ஆனால் பேரிங்குக்கு எண்ணெய் தாமதமாகப் போகும், மைலேஜ் இறங்கும். கிராண்ட் விடாராவுக்கு அரசுச் சோதனையில் கிடைத்த 27.97 கிலோமீட்டரை நம்பி இத்தனை லட்சம் கொடுத்துவிட்டு, ஆயிலில் அதைத் தொலைப்பானேன்?

போலி எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. காலி கேனை முழுசாகப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மூடியை உடைத்து, கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். நீங்கள் தூக்கிப்போடும் நல்ல கேனில்தான் போலி எண்ணெய் மறுபடி கடைக்கு வருகிறது. பில் இல்லாமல் வாங்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹைப்ரிட் காரின் கியர்பாக்ஸ் போன்ற பகுதிக்குள் மோட்டாரும் ஜெனரேட்டரும் உட்கார்ந்திருக்கின்றன. அதற்குத் தனி எண்ணெய்; மோட்டாரின் செப்புச் சுருளைக் குளிர்விப்பதும் அதே எண்ணெய்தான். அங்கே கையில் கிடைத்த கியர் ஆயிலை ஊற்றினால் எவ்வளவு பெரிய செலவு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

வடித்தெடுத்த பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். நடப்பில் பல இடங்களில் சாக்கடைக்குப் போகிறது. திருச்சியில் சாக்கடை என்றால் அடுத்தது உய்யக்கொண்டான். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால் அது. உங்கள் ஒர்க் ஷாப்பில் பழைய எண்ணெய்க்கு டிரம் வைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்டேன், அந்தத் தம்பி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஓட்டம்

10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. "ரெண்டாயிரம்கூட ஓடலையே, இன்னொரு வருஷம் போகட்டும்" என்று தள்ளிப்போடுவது இதில் செல்லாது. ஊருக்குள் மட்டும் ஓடும் ஹைப்ரிட்டுக்கு முதலில் வருவது பெரும்பாலும் காலண்டர்தான். மாமா தன் வண்டிக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டார்.

அதோடு இன்னொன்றும் செய்கிறார். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அத்தையை ஏற்றிக்கொண்டு சிறுவாச்சூர் மதுரகாளி அம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அந்தக் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். சமயபுரம் டோல்கேட் தாண்டினால் நாற்கர சாலை, மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் போல. அந்த வேகத்தில் இன்ஜினுக்கு ஓய்வு குறைவு. முக்கால் மணி நேரம் நன்றாகக் காய்ந்து ஓடும். அத்தைக்கு அம்மன், மாமாவுக்கு ஆயில்.

போன மாதம் அவர்களோடு நானும் போயிருந்தேன். திரும்பி வந்து வண்டியை நிறுத்தி இன்ஜின் ஆறிய பிறகு மாமா மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். உள்ளே வெறும் எண்ணெய்ப் பளபளப்பு. வெண்ணெய் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டை வடிதாளில் விழவைத்து, மூலையில் பென்சிலால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினார். பிறகு தாளை எடுத்துப்போய்த் திண்ணையில் இரண்டு தீப்பெட்டிகளின் மேல் வைத்தார்.